ஒலியை முந்திய விமானிகள்

குளத்தின் அக்கரையில் ஒருவர் துணியைக் கல்லில் அடித்துத் துவைப்பதை இக்கரையில் நின்று பார்ப்பவர்கள் ஒரு புதுமையைக் கவனித்திருப்பார்கள். ஓங்கிய கை கீழே இறங்கித் துணி கல்லிற் படுகின்றது. ஆனால், ஓசை கேட்பதில்லை. கை மறுபடியும் மேலே உயரும்போதுதான் அடியின் ஓசை நம் செவிக்கு எட்டுகின்றது. மின்னல் வெட்டிச் சில கணங்கள் கழிந்த பின்னரே இடி முழங்குவதும் இக்காரணத்தினாலேயே. ஒளி கணப்பொழுதில் வந்துவிடுகின்றது. ஒலியோ காற்றினூடே பயணஞ் செய்து வரவேண்டியிருக்கின்றது.

அந்தப் பயணத்தின் வேகம் காற்றின் வெப்பநிலையைப் பொறுத்தது. வெப்பநிலை 15 பாகை சதமளவையாக உள்ள இடத்தில் ஒலி மணிக்கு ஏறத்தாழ 761 மைல் செல்லும். குளிர்ந்த காற்றில் அதன் வேகம் தளரும். நிலத்திலிருந்து 36,000 அடிக்கு மேலே, கடுங்குளிர் நிலவும் வான்வெளியில், அது மணிக்கு ஏறத்தாழ 660 மைலாகக் குறைந்துவிடும். 1903ஆம் ஆண்டு டிசெம்பர் மாதத்தில் ரைட் சகோதரர் தம் முதல் விமானத்தை 12 விநாடி நேரம் பறக்கவிட்டனர். அன்று, மனிதன் ஒருநாள் தன் குரலையே முந்திச் செல்வான் என்று எவரேனும் கூறியிருந்தால், கேட்டோர் நகைத்திருப்பர். ஆயினும், அதன்பின் 44 ஆண்டுகள் நிறைவதற்கு முன்னரே அக்காரியம் நிறைவேறிற்று. அது எவ்வாறு நிறைவேறியது, அதற்காக எவரெவர் என்ன விலை கொடுத்தனர் என்பது இந்த நூற்றாண்டினர் மறத்தற்கரிய வரலாறாகும்.

பறக்கும் விமானம் தன் முன்னேயுள்ள காற்றை நெருக்குகின்றது. அந்நெருக்கம் சிற்றலைகளாகி, எல்லாத் திசைகளிலும் ஒலியின் வேகத்திலே பரவுகின்றது. அரசன் பவனி வரும்போது கட்டியக்காரர் முன்னே ஓடி, மக்களை விலக்கி வழி செய்வது போல, இவ்வலைகளும் விமானத்துக்கு முன்னே ஓடிக் காற்றை விலகச் செய்கின்றன. விமானம் ஒலியின் வேகத்தை அணுகும்போதோ கட்டியக்காரர் முன்னே ஓட வழியில்லை. அலைகள் ஒன்றன்மேல் ஒன்றாய் அடுக்குண்டு, அதிர்ச்சி அலை என்னும் வன்மையான காற்றுத் திரையாக மாறுகின்றன. மேலும், சிறகின் வளைந்த மேற்பரப்பிலே பாயும் காற்று விமானத்தைவிட விரைவாக ஓடுவதால், விமானம் ஒலியின் வேகத்தை எய்துவதற்கு வெகுமுன்னரே சிறகின்மீது இவ்வதிர்ச்சி அலைகள் தோன்றிவிடுகின்றன. அப்போது காற்றின் தடை பன்மடங்காகப் பெருகும், சிறகின் தாங்கும் வலு குலையும், விமானம் நடுங்கும்.

இவ்வலைகளை முதன்முதலில் நிழற்படத்திற் காட்டியவர்களுள் ஒருவர் ஏர்ண்ஸ்ட் மாக் என்னும் ஒஸ்திரிய அறிஞர். அவரும் பீற்றர் சால்கர் என்பவரும் துப்பாக்கிக் குண்டு காற்றைக் கிழித்துச் செல்லும் காட்சியைப் படம் பிடித்து, 1887ஆம் ஆண்டில் வெளியிட்டனர். ஒலியின் வேகத்தை ‘மாக் 1’ என்று இன்று நாம் கூறுவது அவ்வறிஞரின் பெயராலேயே ஆகும். குண்டு ஒலியை முந்திச் செல்லும் என்பது அக்காலத்திலேயே தெரிந்திருந்தது. ஆகவே, ஒலியை முந்துதல் இயற்கைக்கு ஒவ்வாத செயலன்று. சிறகும் வாலும் பூண்டு, உள்ளே ஒரு மனிதனையும் தாங்கிய பொருள் அங்ஙனம் செல்லல் கூடுமா என்பதே கேள்வி.

‘ஒலித் தடை’ என்ற சொல் பிறந்த கதையும் அறியத்தக்கது. 1935ஆம் ஆண்டில் ஹில்ற்றன் என்னும் ஆங்கில விஞ்ஞானி, பத்திரிகையாளர் ஒருவருக்குத் தம் ஆய்வுக்கூடத்தில் ஒரு வரைபடத்தைக் காட்டினார். வேகம் ஒலியின் வேகத்தை நெருங்க நெருங்கக் காற்றின் தடையைக் குறிக்கும் கோடு செங்குத்தாக ஏறியது. அது மேலும் வேகமாகச் செல்லவிடாமல் மறிக்கும் தடை போல எழுகின்றது என்று அவர் விளக்கினார். மறுநாள் முதல் பத்திரிகைகள் ‘ஒலித் தடை’ என்று எழுதலாயின. உவமையாகக் கூறப்பட்டது பொருளாகவே கொள்ளப்பட்டது. வானத்திலே கண்ணுக்குத் தெரியாத மதில் ஒன்று உண்டென்றும், அதில் மோதும் விமானம் தூளாகுமென்றும் மக்கள் நம்பத் தொடங்கினர்.

அந்த நம்பிக்கையை வலுப்படுத்தும் நிகழ்ச்சிகளும் நேர்ந்தன. இரண்டாம் உலகப் போர்க்காலத்திலே போர் விமானங்கள் மிக்க வேகம் பெற்றன. அவை உயரத்திலிருந்து செங்குத்தாகப் பாய்ந்தபோது, கட்டுப்பாட்டுக் கோல் கற்பாறையிற் புதைந்தது போல அசைய மறுத்ததை விமானிகள் கண்டனர். 1941ஆம் ஆண்டு நவெம்பர் 4ஆம் திகதி, அமெரிக்க லொக்ஹீட் நிறுவனத்தின் பரிசோதனை விமானி ரால்ப் வேர்டன், பி-38 ரக விமானமொன்றைச் சோதித்துப் பார்க்கையில் அதன் வால் பிய்ந்துபோக, கலிபோர்னியாவிலுள்ள கிளெண்டேல் நகரில் வீழ்ந்து மாண்டார். 1944ஆம் ஆண்டு ஏப்பிரல் 27ஆம் திகதி, இங்கிலாந்தின் வார்ன்பறோ ஆராய்ச்சி நிலையத்தைச் சேர்ந்த மார்ட்டிண்டேல் என்னும் விமானி ஒரு ஸ்பிற்பயர் விமானத்தை மணிக்கு 600 மைலுக்கு மேற்பட்ட வேகத்திற் பாயவிட்டார். விமானத்தின் முன்விசிறி முழுவதும் கழன்று பறந்தது. உந்தும் வலுவற்ற அவ்விமானத்தை அவர் 20 மைல் தூரம் மிதக்கவிட்டுத் தம் நிலையத்திலேயே இறக்கினார். உயிர் தப்பியதிலும் அரியதாய் மற்றொன்றை அவர் செய்தார்: என்ன நிகழ்ந்தது என்பதைக் காட்டும் கருவிப் பதிவுகளையும் விமானத்தையும் விஞ்ஞானிகளின் கையிற் சேர்ப்பித்தார்.

பரிசோதனை விமானியின் தொழிற்பண்பு இதுவே. அவன் வீரச்செயல் புரிந்து புகழ்பெறப் புறப்பட்டவன் அல்லன். நேற்றுப் பறந்ததிலும் இன்று சற்று வேகமாகப் பறந்து, அப்போது விமானம் எவ்வாறு நடந்துகொண்டது என்பதைப் பிசகின்றி அறிந்து வந்து கூறுவதே அவன் கடமை. அக்காலத்திலே அக்கடமை இன்றியமையாததாயிற்று. ஏனெனில், விமானங்களின் மாதிரிகளைச் சோதிக்கும் காற்றுச் சுரங்கங்கள் ஒலியின் வேகத்தை அண்மிய நிலையிற் பயனற்றுப்போயின. மாதிரியில் எழுந்த அதிர்ச்சி அலைகள் சுரங்கத்தின் சுவர்களில் மோதித் திரும்பி, அளவுகளையெல்லாம் குழப்பின. ஒலியின் வேகத்துக்குச் சற்றுக் கீழேயும் சற்று மேலேயும் என்ன நிகழும் என்பதைக் காகிதத்திலுங் கணிக்க இயலவில்லை. கூடத்திலும் அளக்க இயலவில்லை. வானமே ஆய்வுக்கூடமாகவும், மனித உயிரே அளவுகோலாகவும் அமையவேண்டியதாயிற்று.

அந்த அளவுகோல்களுள் ஒன்று 1946ஆம் ஆண்டு செப்டெம்பர் 27ஆம் திகதி முறிந்தது. பெயர்பெற்ற விமான நிறுவனமொன்றின் தாபகரான சேர் ஜெவ்ரி டி ஹவிலண்டின் மூத்த புதல்வர், தந்தையின் பெயரையே தாங்கியவர், அந்நிறுவனத்தின் தலைமைப் பரிசோதனை விமானியாயிருந்தார். ‘மொஸ்கிற்றோ’, ‘வாம்பயர்’ ஆகிய விமானங்களை முதன்முதலில் வானேற்றியவர் அவரே. அன்று மாலை, டி.எச். 108 என்னும் வாலில்லாத ஜெற் விமானத்திலே உலக வேகச் சாதனைக்கான ஒத்திகைக்காக அவர் புறப்பட்டார். தேம்ஸ் நதியின் கழிமுகத்துக்கு மேலே அவ்விமானம் பிளந்து சிதறிற்று. அவருக்கு வயது 36. அவருடைய தம்பியரில் ஒருவரான ஜோனும் 1943ஆம் ஆண்டில் இரு விமானங்கள் மோதிய விபத்தில் உயிரிழந்திருந்தார். தாம் கட்டிய விமானங்களுக்குத் தம் மக்கள் இருவரைப் பலிகொடுத்த அத்தந்தை தம் பணியைக் கைவிடவில்லை.

விபத்தின் காரணத்தை அறிய மற்றொருவர் அதே ரக விமானத்தில் ஏறவேண்டியிருந்தது. அப்பணியை ஏற்றவர் கடற்படை விமானியான எரிக் பிரௌண். அவர் வேகத்தைச் சிறிது சிறிதாகக் கூட்டிச் சென்றபோது, விமானத்தின் மூக்கு மேலுங் கீழும் மிக விரைவாகக் குலுங்கத் தொடங்கிற்று. தலை அதனோடு அலைப்புண்டது. அவர் பதற்றமின்றிக் கட்டுப்பாடுகளை மெல்லப் பின்வாங்கி, விமானத்தை அமைதிப்படுத்தி, செய்தியோடு மீண்டார். தாம் உயரங் குறைந்தவராயிருந்ததும், ஆசனத்தைத் தாழ்த்தி அமர்ந்திருந்ததுமே தம்மைக் காப்பாற்றின என்றும், உயர்ந்த உருவமுடைய டி ஹவிலண்டுக்கு அந்த வாய்ப்பு இருக்கவில்லை என்றும் அவர் பின்னர் கருதினார். பிரௌண் தம் வாழ்நாளில் 487 ரக விமானங்களைச் செலுத்தி, 2016ஆம் ஆண்டில் 97ஆவது வயதில் இயற்கையாகவே காலமானார். டி.எச். 108 ரகத்தில் மூன்று விமானங்களே கட்டப்பட்டன. 1950ஆம் ஆண்டு முடிவதற்குள் மூன்றும் வீழ்ந்து, மூன்று விமானிகளைக் கொண்டுபோயின.

ஒலியை முந்தும் விமானமொன்றைக் கட்டும் முயற்சி இங்கிலாந்திலே 1943ஆம் ஆண்டிலேயே ஆரம்பமாகியிருந்தது. மைல்ஸ் எம். 52 எனப்பட்ட அவ்விமானம் மெல்லிய சிறகுகளையும், முழுமையாக அசையக்கூடிய வாற்சிறகையும் உடையதாய் வரையப்பட்டது. ஆனால், 1946ஆம் ஆண்டு பெப்ரவரி மாதத்தில் அரசாங்கம் அம்முயற்சியை நிறுத்திவிட்டது. அத்தகைய வேகத்தில் மனிதரை அனுப்புதல் தகாது என்பதும் அதற்குக் கூறப்பட்ட காரணங்களுள் ஒன்று. பின்னர், அவ்விமானத்தின் உருவிலே அமைந்த, ஆளில்லாத சிறு ரொக்கற் மாதிரியொன்று 1948ஆம் ஆண்டு ஒக்டோபர் மாதத்தில் ஒலியை முந்திப் பறந்து, வடிவமைத்தோரின் கணக்குப் பிழையன்று என்று காட்டியது. அதற்குள் ஓராண்டு கடந்துவிட்டது. முதன்மை அத்திலாந்திக் சமுத்திரத்துக்கு அப்பாற் சென்றுவிட்டது.

அமெரிக்காவிலே பெல் நிறுவனம், விமானப் படையினதும் தேசிய விமானவியல் ஆலோசனைக் குழுவினதும் ஆதரவோடு, எக்ஸ்-1 என்னும் விமானத்தைக் கட்டியது. ஒலியை முந்தும்போதும் நிலைகுலையாத பொருள் துப்பாக்கிக் குண்டே என்று அறிந்திருந்தமையால், விமானத்தின் உடலும் குண்டின் உருவிலேயே அமைக்கப்பட்டது. அதன் நீளம் ஏறத்தாழ 31 அடி. திரவ ஒட்சிசனையும் நீர் கலந்த அற்ககோலையும் எரிக்கும் நான்கு ரொக்கற் அறைகள் அதற்கு 6,000 இறாத்தல் உதைப்பை அளித்தன. எரிபொருள் சில நிமிடங்களுக்கே போதுமாகையால், அது தரையிலிருந்து எழுவதில்லை. பி-29 என்னும் பெரிய குண்டுவீச்சு விமானம் அதைத் தன் வயிற்றின் கீழே பற்றிக்கொண்டு மேலேறி, ஆகாயத்தில் நழுவவிடும். இப்பரிசோதனைகளுக்குக் கலிபோர்னியாப் பாலைவனத்திலே முறொக் என்னுமிடத்திலிருந்த வறண்ட ஏரிப்படுக்கை இறங்குதளமாயிற்று. மைற்கணக்கில் விரிந்து கிடந்த அந்தக் கெட்டித் தரையில் எத்திசையிலும் விமானத்தை இறக்கலாம்.

விமானியாகத் தெரிவு செய்யப்பட்டவர் 24 வயதினரான கப்டன் சார்ள்ஸ் யீகர். மேற்கு வேர்ஜீனியா மாநிலத்துக் கிராமப்புறத்திலே பிறந்த அவர் பல்கலைக்கழகம் சென்றவரல்லர்; சாதாரண படைவீரராகச் சேர்ந்து, போரிலே விமானியானவர். பொறியியற் கணக்குகளில் அவருக்குத் துணைநின்றவர் கப்டன் ஜாக் றிட்லி. வேகம் ஒவ்வொரு பறப்பிலும் சிறிதளவே கூட்டப்பட்டது. வேகம் மாக் 0.94 அளவை எட்டியபோது இடையூறு தோன்றிற்று. யீகர் கட்டுப்பாட்டுக் கோலை இழுத்துப் பார்த்தார். விமானத்தின் மூக்கு அசையவில்லை. வாற்சிறகின் பின்விளிம்பிலுள்ள அசையும் பலகையின்மீது அதிர்ச்சி அலை வந்து அமர்ந்து, அதைப் பயனற்றதாக்கியிருந்தது. மூக்கை ஏற்றவும் இறக்கவும் இயலாத விமானத்தில் மேலும் விரைந்து செல்லுதல் தற்கொலைக்கு ஒப்பானது. இந்த நிலையில் றிட்லி கணக்கிட்டுப் பார்த்தார். சிறு பலகை பயன்படாவிட்டால், வாற்சிறகு முழுவதையுமே சிறு சிறு அளவால் அசைத்து விமானத்தை ஆளலாம் என்று அவர் கூறினார். அவ்வாறு அசைப்பதற்கான பொறி விமானத்தில் ஏற்கெனவே அமைக்கப்பட்டிருந்தது. அடுத்த பறப்பிலே அவ்வழி பலித்தது. ‘மதில்’ எனப்பட்டதன் திறவுகோல் அந்த அசையும் வாற்சிறகே ஆகும்.

1947ஆம் ஆண்டு ஒக்டோபர் 14ஆம் திகதி காலை யீகர் தம் விமானத்தை நோக்கி நடந்தபோது அவருடைய விலா எலும்புகள் முறிந்திருந்தன. இரண்டு நாள்களுக்கு முன் குதிரை சவாரியின்போது வீழ்ந்ததன் விளைவு அது. மேலதிகாரிகள் அறிந்தால் பறக்க விடமாட்டார்கள் என்பதால், முகாமுக்கு வெளியே சென்று கட்டுப் போட்டுக்கொண்டிருந்தார். விமானத்தின் கதவைப் பூட்டுவதற்கு வலக்கையை நீட்டிப் பலமாக அழுத்தவேண்டும். வலியினால் அவருக்கு அது கூடவில்லை. அதற்கும் றிட்லியே வழி கண்டார். விளக்குமாற்றின் பிடியிலே ஒரு துண்டை வெட்டிக் கொடுத்தார். அதை நெம்புகோலாக்கி யீகர் கதவைப் பூட்டினார். கோடிக்கணக்கான பணமும் எண்ணற்ற அறிஞரின் உழைப்பும் சேர்ந்த அம்முயற்சி, ஈற்றில் ஒரு விளக்குமாற்றுத் துண்டின் உதவியையும் வேண்டி நின்றது.

ஏறத்தாழ 20,000 அடி உயரத்தில் எக்ஸ்-1 நழுவவிடப்பட்டது. யீகர் ரொக்கற் அறைகளை ஒவ்வொன்றாய் மூட்டி மேலேறினார். விமானம் வழக்கம்போல நடுங்கிற்று. வாற்சிறகைச் சிறிது அசைத்ததும் அடங்கிற்று. ஏறத்தாழ 43,000 அடி உயரத்திலே வேகமானியின் முள் மாக் 1 என்ற கடைசிக் குறியைத் தாண்டிற்று. அதற்கு மேலே அக்கருவியில் எண்களே பொறிக்கப்பட்டிருக்கவில்லை. நடுக்கமும் நின்றது. மதில் இடிந்து நொறுங்கவில்லை, விமானம் தூளாகவுமில்லை. கீழே நின்றோருக்குத் தொலைவிலே இடி போன்ற ஒரு முழக்கம் மட்டும் கேட்டது. எய்திய வேகம் மாக் 1.06, அதாவது மணிக்கு ஏறத்தாழ 700 மைல். நழுவியதிலிருந்து 14 நிமிடங்களில் யீகர் தரையிலிருந்தார்.

அந்த வெற்றியை நிச்சயப்படுத்தியது அவருடைய வாய்மொழி மாத்திரமன்று. விமானத்தினுள்ளே அமைந்த கருவிகள் வேகத்தையும் அமுக்கத்தையும் சிறகின்மீதுற்ற பாரத்தையும் படச்சுருளிற் பதித்திருந்தன. அச்சுருள்களிலுள்ள கோடுகளை அளந்து, நாட்கணக்கில் இருந்து கணக்கிட்டவர்கள் ஆலோசனைக் குழுவிற் பணியாற்றிய பெண்களாவர். பாலைவனத்து முகாமில் அவர்களுக்குத் தலைமை தாங்கியவர் றொக்சானா யான்சி. யீகருக்கு முன்னரே தாம் ஒலியை முந்தியதாகக் கூறியவர்களும், அவ்வாறு கூறப்பட்டவர்களும் உண்டு. ஜேர்மனியரான ஹான்ஸ் கைடோ முட்கே, அமெரிக்கரான ஜோர்ஜ் வெல்ச் ஆகியோர் அவர்களுட் சிலர். அவர்களின் துணிவை எவரும் ஐயுறுவதில்லை. ஆயினும், அளந்து பதிந்த சான்று அவர்கள் பக்கத்தில் இல்லை. பரிசோதனையின் உலகிலே, பதியப்படாத செயல் பிறர்க்குப் பயன்படாத செயலாகிவிடுகின்றது.

அமெரிக்க விமானப் படை அச்செய்தியை உடனே வெளியிடவில்லை. 1947ஆம் ஆண்டு டிசெம்பரில் ஒரு சஞ்சிகை அதைக் கசியவிட்டது. 1948ஆம் ஆண்டு யூன் மாதத்திலேயே அதிகாரபூர்வமாக ஒப்புக்கொள்ளப்பட்டது. அவ்வாண்டு செப்டெம்பரில் இங்கிலாந்தின் ஜோன் டெறி, டி.எச். 108 விமானத்தைப் பாயவிட்டு ஒலியின் வேகத்தைக் கடந்தார். டிசெம்பரில் சோவியத் ஒன்றியத்தின் லா-176 விமானமும் அவ்வெல்லையைக் கடந்தது. 1953ஆம் ஆண்டு மே 18ஆம் திகதி அமெரிக்காவின் ஜக்குலின் கொக்றன் ஒலியை முந்திய முதற் பெண்மணியானார்; அதே ஆண்டு ஓகஸ்ட் மாதத்தில் பிரான்சின் ஜக்குலின் ஓரியோல் அவரைத் தொடர்ந்தார். 1956ஆம் ஆண்டு மார்ச் 10ஆம் திகதி ஆங்கில விமானி பீற்றர் ருவிஸ் மணிக்கு 1,132 மைல் வேகத்தில் மட்டமாகப் பறந்து, 1,000 மைல் என்ற எல்லையைத் தாண்டி உலக சாதனை நிலைநாட்டினார். அதற்கு முன், 1954ஆம் ஆண்டில், அதே விமானத்தின் எஞ்சின் நடுவானில் நின்றபோது, குதித்துத் தப்பாமல் அதைத் தரைசேர்த்துக் காப்பாற்றியவரும் அவரே.

‘மதில்’ என்ற கற்பனை மட்டும் எளிதில் அழியவில்லை. பின்னாளில் நம் நாட்டின் கித்துல்கலையிலே ‘குவாய் நதிப் பாலம்’ படத்தை எடுத்த டேவிட் லீன், 1952ஆம் ஆண்டில் ‘ஒலித் தடை’ என்ற பெயரில் ஒரு திரைப்படத்தை உருவாக்கினார். அதன் கதாநாயகன், ஒலியின் வேகத்தில் கட்டுப்பாடுகள் தலைகீழாக வேலை செய்யும் என எண்ணி, கோலை எதிர்ப்புறமாய்த் தள்ளி வெற்றி காண்கின்றான். படத்தைப் பார்த்த யீகர், அவ்வாறு செய்பவன் உயிர் பிழைக்கமாட்டான் என்று மறுத்தார். ஒரு கணத் துணிவினால் மதில் உடைந்தது என்பது கதைக்கு இனிது. உண்மையிலே, அது பறப்புக்குப் பறப்பு, கணக்குக்குக் கணக்கு, சிறிது சிறிதாய்க் கரைக்கப்பட்டது.

அத்திரைப்படம் வெளிவந்த அதே ஆண்டிலே உண்மை வாழ்க்கை கொடிய பாடமொன்றைக் கற்பித்தது. 1952ஆம் ஆண்டு செப்டெம்பர் 6ஆம் திகதி, வார்ன்பறோ விமானக் காட்சியைக் காணப் பெருந்திரளான மக்கள் கூடியிருந்தனர். ஜோன் டெறியும் அவருடைய துணைவர் றிச்சேட்ஸும் டி.எச். 110 விமானத்திலே ஒலியை முந்திப் பாய்ந்து, முழக்கத்தை எழுப்பி, மக்களை நோக்கித் திரும்பினர். அத்திருப்பத்திலே விமானம் துண்டு துண்டாகப் பிளந்தது. எஞ்சின்களுள் ஒன்று கூட்டத்தினிடையே வீழ்ந்தது. விமானிகள் இருவரோடு பார்வையாளர் 29 பேர் மாண்டனர். சிறகின் முன்பகுதி, திருப்பத்தின்போது ஏற்பட்ட முறுக்கைத் தாங்க வல்லதாய் இருக்கவில்லை என்பது ஆராய்ச்சியில் தெரியவந்தது. ஓடுபாதையிலிருந்து சிதைவுகள் அகற்றப்பட்டதும், அடுத்ததாகப் பறக்கவேண்டியிருந்த நெவில் டியூக் தம் விமானத்தில் ஏறி, தம் கடமையைச் செய்து முடித்தார். பிரதமர் சேர்ச்சில் அவருக்குப் பாராட்டுக் கடிதம் எழுதினார். ஆயின், பாராட்டோடு விடயம் முடியவில்லை. மக்கள் கூட்டத்துக்கு மேலாக இத்தகைய பறப்புகளை நிகழ்த்துவது பற்றிய விதிகள் கடுமையாக்கப்பட்டன.

ஓர் எல்லையைக் கடந்ததும் அதற்கப்பால் வேறோர் ஆபத்துக் காத்திருந்தது. நீண்ட உடலும் குறுகிய சிறகுமுடைய விமானங்கள் மிகு வேகத்தில் உருளும்போது, அவ்வுருட்சியே அவற்றைப் பக்கவாட்டிலும் மேலுங்கீழுமாகவும் புரட்டிவிடும். இந்த ஆபத்தை வில்லியம் பிலிப்ஸ் என்னும் அமெரிக்க விஞ்ஞானி 1948ஆம் ஆண்டிலேயே கணக்கிட்டு எழுதியிருந்தார். எனினும், எழுத்திலிருந்த எச்சரிக்கை மெய்யாக உணரப்பட உயிர்கள் வேண்டியிருந்தன. 1953ஆம் ஆண்டு டிசெம்பர் 12ஆம் திகதி, எக்ஸ்-1ஏ விமானத்தை மாக் 2.44 வேகத்திற் செலுத்திய யீகர், அது திசைகெட்டுப் புரண்டு ஏறத்தாழ 50,000 அடி வீழ்ந்தபின் அரிதாய் அதை வசப்படுத்தி உயிர் தப்பினார். 1954ஆம் ஆண்டு ஒக்டோபர் 12ஆம் திகதி, ஜோர்ஜ் வெல்ச் எஃப்-100 விமானத்தைச் சோதிக்கையில் அது வானிலே பிளந்து, அவர் மாண்டார். அதன்பின் அவ்விமானத்தின் நிமிர்வால் பெரிதாக்கப்பட்டது, சிறகும் நீட்டப்பட்டது. பின்வந்த விமானிகள் பலர் அந்த மாற்றத்தினாலே காப்பாற்றப்பட்டனர்.

1956ஆம் ஆண்டு செப்டெம்பர் 27ஆம் திகதி, கப்டன் மில்பேர்ண் ஆப்ற் எக்ஸ்-2 விமானத்தில் முதன்முறையாகப் பறந்தார். மணிக்கு 2,094 மைல், அதாவது மாக் 3.2 என்னும் வேகத்தை எய்தி, ஒலியின் வேகத்தைப்போல மும்மடங்கைக் கடந்த முதல் மனிதரானார். வேகம் தணியுமுன் விமானத்தை இறங்குதளத்தை நோக்கித் திருப்பியபோது, அது கட்டுக்கடங்காமற் புரளத் தொடங்கிற்று. விமானியறையைத் தனியே பிரித்துக்கொண்டபோதும், அதிலிருந்து வெளியேறிப் பரசூட்டை விரிக்க அவருக்கு அவகாசம் கிடைக்கவில்லை. உலகில் எல்லாரிலும் வேகமாகச் சென்ற மனிதர் அப்புகழை அறியாமலே மறைந்தார். இளைய டி ஹவிலண்ட் தேம்ஸ் கழிமுகத்தில் வீழ்ந்து அன்றோடு சரியாகப் பத்து ஆண்டுகள் ஆகியிருந்தன.

இப்பத்து ஆண்டுகளிலே மனிதன் ஒலியை எட்டமுடியாதவனாயிருந்த நிலை மாறி, அதை மும்மடங்கு விஞ்சினான். ஆப்றின் விமானத்திலிருந்த படச்சுருள் மீட்கப்பட்டது. அவருடைய கடைசிக் கணங்கள் அதிற் பதிந்திருந்தன. எக்ஸ்-2 முதலிய விமானங்களிற் பெற்ற பாடங்கள் எக்ஸ்-15 என்னும் அடுத்த விமானத்தின் அமைப்பிலே பயன்பட்டன. 1967ஆம் ஆண்டு ஒக்டோபர் 3ஆம் திகதி, அந்த எக்ஸ்-15 விமானத்தில் வில்லியம் நைற் மணிக்கு 4,520 மைல் வேகத்தை எய்திப் பத்திரமாகத் தரையிறங்கினார். 1969ஆம் ஆண்டு ஒக்டோபர் முதலாந் திகதி, பிரெஞ்சு விமானிகள் ‘கொன்கோட்’ விமானத்தை ஒலியின் வேகத்துக்கு மேலே செலுத்தினர். 1976ஆம் ஆண்டு முதல் 2003ஆம் ஆண்டு வரை சாதாரண பிரயாணிகள் அவ்விமானத்திலே ஒலியைப்போல இருமடங்கு வேகத்தில் அமர்ந்து, உணவருந்தியபடியே சமுத்திரத்தைக் கடந்தனர். எவ்விடத்தில் ஒலியின் எல்லையைத் தாண்டினோம் என்பதையும் அவர்களிற் பலர் உணர்ந்திருக்கமாட்டார்கள்.

யீகர் 2020ஆம் ஆண்டு டிசெம்பர் 7ஆம் திகதி தமது 97ஆவது வயதில் இறந்தார். முறொக் விமானத்தளத்துக்கு இன்று வழங்கும் பெயர், 1948ஆம் ஆண்டில் அங்கே ஒரு சோதனைப் பறப்பிலே மாண்ட கப்டன் கிளென் எட்வேர்ட்ஸின் பெயராகும். வெற்றி பெற்றவரின் பெயர் நூல்களிலும், வீழ்ந்தவரின் பெயர் நிலத்திலும் நிலைத்துவிட்டன. இருவரும் செய்த பணி ஒன்றே. வானத்திலே மதில் எதுவும் இருந்ததில்லை. மனிதரின் அறியாமையே அங்கே மதிலாய் நின்றது. அதன் கற்களை ஒவ்வொன்றாய்ப் பெயர்த்தவர்களுள் சிலர் தாம் கண்டதைத் திரும்பி வந்து கூறினர். ஏனையோர் திரும்பவில்லை, அவர்களின் விமானச் சிதைவுகளும் படச்சுருள்களுமே அவர்களுக்காகப் பேசின.